எந்தக் கீ?

வீட்டுக் கம்ப்யூட்டரில் புது ஓ.எஸ். ஏற்றும்போது பாதியில் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று ராத்திரி பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை. முதலில் அந்தக் கீ சமாசாரத்தைப் பேசித் தீர்த்துவிடுகிறேன்.

பென்டிரைவைச் செருகி, பவர் பட்டனை அமுக்கியதும் ஒரு கீயைத் தட்ட வேண்டும். எந்தக் கீ? டெல் என்றால் எஃப்12. எச்.பி. என்றால் எஸ்கேப் அல்லது எஃப்9. ஆசுஸ் லேப்டாப்புக்கு எஸ்கேப், அதே ஆசுஸ் மதர்போர்டுக்கு எஃப்8. எம்.எஸ்.ஐ. மதர்போர்டுக்கு எஃப்11. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 தட்டி உள்ளே போய், எஃப்12 வேலை செய்ய அனுமதி கொடுத்துவிட்டு வர வேண்டும். லெனோவோவின் சில மாடல்களில் விலாவில் ஒரு பொடித் துவாரம். ஊசியால் குத்த வேண்டும். யு.எஸ்.பி. ஓட்டை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1996லேயே கூடிப் பேசி முடிவு செய்த தொழில் இது. ஒரு கீ விஷயத்தில் மட்டும் இன்றுவரை கூடிப் பேச நேரம் கிடைக்கவில்லை.

என்னுடையதோ அசெம்பிள் செய்தது. தெரியாதபோது நாமெல்லாம் செய்வதைத்தான் நானும் செய்தேன்: எஃப்2 முதல் எஃப்12 வரை ஆர்மோனியம் வாசித்தேன். பழைய ஓ.எஸ். வந்து நல்வரவு சொன்னது.

எந்தக் கீ என்று திரையிலேயே வருமாம். வருகிறது, கண் சிமிட்டுவதற்குள் போயும் விடுகிறது. போதாததற்கு ஃபாஸ்ட் பூட் என்று ஒன்று. சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதற்காகக் கீபோர்டைக்கூட எழுப்பாமல் தாண்டிப் போய்விடுமாம். அப்படி என்ன தலைபோகிற வேலை அதற்கு?

பெங்களூரிலிருந்து மகன் போனில் வழிநடத்தினான்.

"லேட்டா தட்டுறப்பா."

சீக்கிரம் தட்டினேன்.

"இப்ப ரொம்ப சீக்கிரமாத் தட்டிட்டப்பா."

"அந்தக் கீபோர்டு என்ன பண்ணிச்சு, ஏங்க இந்தக் குத்து குத்துறீங்க?" என்றாள் வீட்டுக்காரி, அடுப்படியிலிருந்து.

ஒருவழியாக உள்ளே நுழைந்து, சதவீதம் ஏறி, பாதியில் நின்றது. திரையில் 0x80070570. கடைசி 570 பதினாறடிமான எண். நம் கணக்குக்கு மாற்றினால் 1392. 1392 என்றால் 'கோப்பு கெட்டுப்போயிருக்கிறது, படிக்க முடியவில்லை' என்று அர்த்தம். அதையே நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன? கெட்டது டவுன்லோடிலா, பென்டிரைவிலா, ராம் சரியில்லையா, ஹார்ட்டிஸ்க் சாகக் கிடக்கிறதா? அதற்கு எண் எதுவும் தரவில்லை.

"மறுபடியும் டவுன்லோடு பண்ணிடுப்பா, அஞ்சு ஜிபிதானே" என்கிறான் மகன். என் போன் பேக்கில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. அப்படியானால் நாலு நாளைக்கு வாட்ஸ்அப் பக்கம் போகக் கூடாது. அபார்ட்மென்ட் குரூப்பில் 'சாரைக் காணோமே' என்று யாராவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். தண்ணீர் லாரிப் பணம் பாக்கி இருந்தால் மட்டும் கேட்பார்கள்.