கலாம் வீட்டுக்கு 15 நிமிஷம்

மாப்ள, நீ போன்ல அனுப்புன அட்டவணை வந்து சேந்துச்சு. பேத்திதான் பெருசு பண்ணிக் காட்டுச்சு. எத்தன மணிக்கு எந்திரிக்கணும், எங்க டீ குடிக்கணும், எங்க ஒண்ணுக்குப் போகணும்னு கட்டம் கட்டமா எழுதியிருக்க. ஒன் கல்யாணத்துக்கே நீ அரை மணி நேரம் பிந்தி வந்த ஆளு. இப்பத்தான் புத்தி வந்திருக்கு, சந்தோசம்.

அதுல ஒரு கட்டம், ‘கலாம் வீடு – 15 நிமிஷம்’. அடுத்த கட்டம், ‘வஞ்சிரம் மீன் சாப்பாடு – ஒண்ணேகால் மணி நேரம்’. 2002-லருந்து 2007 வரைக்கும் நாட்டுக்கே ஜனாதிபதியா இருந்த மனுசனுக்குக் கால் மணி, வஞ்சிர மீனுக்கு ஒண்ணேகால் மணி. தப்பில்ல மாப்ள. மீன்ல முள்ளு இருக்குல்ல, பாத்துத்தான் திங்கணும்.

இன்னொரு வேடிக்கையும் கண்டேன். பாம்பன் தாண்டி ராமேஸ்வரத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே ரோட்டு மேல பேய்க்கரும்பு வருது. அங்கதான் கலாம அடக்கம் பண்ணியிருக்கு. டி.ஆர்.டி.ஓ. கட்டுன நினைவிடம், 2017-ல தெறந்தது. வழியிலயே இருக்கேன்னு அத மொதல்ல வச்சிட்ட, வீட்டப் பின்னாடி வச்சிட்ட. ஒன் அட்டவணைப்படி அந்த மனுசன் மொதல்ல அடக்கமாகி, சாப்பாட்டுக்கு முன்னாடி பொறக்குறாரு. மாத்திப் போடு. போறப்ப வண்டிய நிப்பாட்டாத, திரும்பி வர்றப்ப நிப்பாட்டு.

பாம்பன் பாலத்துல நீ எறங்காம இருக்க மாட்ட, தெரியும். ரயில் பாலம் ரெண்டு போட்டாக. பழசு 1914-ல போட்டது, கப்பல் வந்தா ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கி வழிவிட்டது. புதுசு 2025-ல தெறந்தது, அது நடுவுல ஒரு துண்ட அப்பிடியே மேல தூக்கும். ஒரு போட்டோ எடு, ஏறு. பின்னாடி வர்ற பஸ்காரன் ஆரன்லயே ஒன் பரம்பரையத் திட்டிருவான்.

இப்ப வீட்டுக்கு வர்றேன். கோயில்ல 22 தீர்த்தம் ஆடிட்டு, சொட்டச் சொட்ட நேரா அங்க போயி நிக்காத. வேட்டிய மாத்திட்டுப் போ. அது இருக்குறது பள்ளிவாசல் தெரு, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக் கூட்டம் இருக்கும், அந்த நேரம் வேணாம். வேன உள்ள நுழைக்கப் பாக்காத, சந்து தாங்காது. தூரத்துல விட்டுட்டு நடங்க, நடந்தா ஒன் தொப்பைக்கும் நல்லது.

வீட்டப் பாத்ததும் ஒம் பொஞ்சாதி, ‘இதானா?’ன்னு கேக்கும். அந்த மொகத்தப் பாக்கவே எனக்கு ஆசையா இருக்கு. டில்லியில 340 ரூம் மாளிகையில இருந்தவரு வீடுன்னா தூணும் தோட்டமும் கெடக்கும்னு வருவீக. தெருவுல பத்தோட ஒண்ணா ஒரு வீடு, எடுத்துக் கட்டி மெருகேத்துனது. சொந்தபந்தம் புழங்குற வீடு. அண்ணன் முத்து மீரான் மரைக்காயரு நூறு வயசு தாண்டி வாழ்ந்தது அங்கதான். அதனால படியேறுறப்ப கத்தாத. மாடியிலதான் அவரு போட்டோவும் புத்தகமும் பட்டயமும். போட்டோ எடுக்காதன்னா போனப் பையில போடு. வரிசையோட வெளிய வந்துறாத, நின்னு படி.

அப்புறம் தெருவுல ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நில்லு. ரெண்டாம் உலக யுத்தக் காலத்துல புளியங்கொட்டைக்கு திடீர்னு கிராக்கி. கலாம் அப்ப பத்து வயசு கூட ஆகாத பய, பொறுக்கிட்டு வந்து அந்தத் தெரு மளிகைக் கடையில போட்டா நாளைக்கு ஒரு அணா. அப்பறம் ராமேஸ்வரத்துல ரயில் நிக்குறத நிறுத்திட்டாக. பேப்பர்க் கட்ட ஓடுற வண்டியிலருந்து வீசுவாக. சம்சுதீன்னு ஒறவுக்காரருக்கு இந்தப் பய கட்டப் புடிச்சுக் குடுப்பான். அதான் மொதக் கூலி. ஒம் மவன் போன வாரம் ரிமோட்ட எடுத்துக் குடுக்க அம்பது ரூவா கேட்டான்னு சொன்னியே, அவன அந்தத் தெருவுல நிப்பாட்டிச் சொல்லு. நம்ப மாட்டான். ஆனாலும் சொல்லு.

அந்தக் காலத்துல கோயில்ல பெரிய குருக்கள் பக்ஷி லட்சுமண சாஸ்திரியும் கலாமோட அப்பா ஜைனுலாப்தீனும் உசிருக்குசுரான சேக்காளிக. சீதா கல்யாணத்துக்குச் சாமிய ராம தீர்த்தத்து நடுவுல கொண்டுபோக இவுக வீட்டுப் படகுதான் போகும். இத ஒன் வாட்சப் குரூப்ல போடாத. ஒன் குரூப்ப எனக்குத் தெரியும்.

கடைசியா ஒண்ணு. 2006-ல கலாமோட சொந்தக்காரங்க 50 பேரு போல டில்லிக்குப் போயி ஜனாதிபதி மாளிகையில தங்குனாக. திங்குறதுக்கு, தங்குறதுக்கு, ஊர் சுத்துன பஸ்ஸுக்கு, எல்லாத்துக்கும் கணக்குப் போடச் சொல்லி, தன் கைக்காசக் கட்டுனாரு. சொந்தக்காரங்ககிட்ட வாங்கல, சர்க்காரு கணக்குலயும் எழுதல.

இத எதுக்குச் சொல்றேன்னா, ஒன் அட்டவணையோட கடைசிக் கட்டத்துல ‘மாமா – 1,850 ரூபாய்’னு இருக்கு. தாய்மாமனுக்குப் பங்கு எழுதுன மொத ஆளு நம்ம வம்சத்துல நீதான். எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். பரமக்குடி பைபாஸ்ல வெள்ளன மஞ்சப்பையோட நிக்கிறேன், சன்னலோரம் ஒரு சீட்டு வை. அந்தக் காச எடுக்கவா வேணாமான்னு, நீ அந்த வீட்டு மாடியிலருந்து எறங்குனப்புறம் சொல்லு.