எதிரே வரும் புல்லட்

கேள்வி: நாயுடுபுரத்தில் வாடகை கார் ஓட்டுகிறேன். வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் ஏறும்போதே, “தம்பி, வண்டி புல்லட் புரூஃபா?” என்று கேட்டார். சிரிப்பதா, யோசிப்பதா என்று தெரியவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறதே, எங்களைப் போன்ற ஓட்டுநர்களுக்கும் குண்டு துளைக்காத வண்டி தேவைப்படுமா?

பதில்: முதலில் சிரித்துவிடுங்கள், கணக்கைப் பிறகு போடலாம். காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் வரை உங்களுக்கு எதிரே சீறிக்கொண்டு வரும் புல்லட், ராயல் என்ஃபீல்டு கம்பெனி செய்தது. அதற்கு நம்பர் பிளேட் உண்டு, ஹாரன் உண்டு, பின் சீட்டில் செல்ஃபி எடுப்பவரும் உண்டு. உடம்புக்குள் போய் விரியும் ‘டம்டம்’ தோட்டாவை 1899இல் ஹேக் மாநாட்டில் தடை செய்தார்கள். உங்கள் வழியில் இருக்கும் டம்டம் வெறும் பாறை. வண்டியை ஓரங்கட்டி, எலிவால் அருவியைப் பார்த்துவிட்டு, சோளக்கதிர் கடித்துக்கொண்டே கிளம்பிவிடலாம்.

இனி கணக்கு. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் மாநிலம் முழுவதும் பதிவான கொலை வழக்குகள் சுமார் 1,700, அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒன்றிலும் நம் ஊர் வழக்கம் அரிவாளும் கத்தியும்தான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் வாங்குவது லேசான காரியமல்ல. அதையும் மீறி, உங்கள் மலையடிவாரமான பழனியிலேயே 2020 நவம்பரில் நிலத் தகராறு ஒன்றில் உரிமம் பெற்ற துப்பாக்கி வெடித்தது. ஆனால் குண்டு பட்டவர்கள் காரில் போய்க்கொண்டிருந்தவர்கள் அல்ல, சண்டை நடந்த இடத்தில் நின்றவர்கள். கவசக் கார் இருந்திருந்தால் அது சற்றுத் தள்ளி, கீறல் படாமல் நின்றிருக்கும். துப்பாக்கி எடுப்பவன் ஆள் பார்த்து, பகை பார்த்துத்தான் எடுக்கிறான். அவனுக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் இருக்கும் பள்ளத்துக்கு யார் பெயரும் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: இப்படிப் பேசுகிறீர்களே, திருப்பதி மலைப்பாதையில் சந்திரபாபு நாயுடுவைக் காப்பாற்றியது குண்டு துளைக்காத கார்தானே? (அதே வாசகர், விடாமல்)

பதில்: விடாமல் கேட்டதற்கு நன்றி, நல்ல அடி. 2003 அக்டோபர் 1 அன்று, பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் கொண்டுபோன ஆந்திர முதல்வரின் வாகன வரிசை மீது அலிபிரியில் நக்சலைட்டுகள் கண்ணிவெடித் தாக்குதல் நடத்தினார்கள். குண்டு துளைக்காத அம்பாசடர் உருக்குலைந்தது, அவர் காயத்தோடு பிழைத்தார். அந்தக் கார் அன்று தன் கடமையைச் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரைக் கொல்ல ஓர் இயக்கமே நாள் குறித்து, பாதை பார்த்து, வெடி புதைத்துக் காத்திருந்தது. அப்படிப்பட்டவருக்குக் கவச வண்டி தேவை என்பதை நானும் மறுக்கவில்லை. உங்களைக் கொல்ல யாராவது அவ்வளவு மெனக்கெடுகிறார்களா என்பதுதான் கேள்வி. சீசனில் பார்க்கிங் சண்டை போட்டவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அப்படி மெனக்கெடும் எதிரி உள்ளவர்களையும் கார் எப்போதும் காப்பதில்லை. காரணம் எளியது, மனிதன் காரிலேயே குடியிருப்பதில்லை. பலத்த பாதுகாப்போடு வாழ்ந்த இலங்கை வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமரை 2005 ஆகஸ்டில் கொழும்பில் அவர் வீட்டு நீச்சல் குளத்தருகே சுட்டார்கள். ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022இல் தெருவில் நின்று பிரசாரம் செய்தபோது கைத்தயாரிப்புத் துப்பாக்கிக்குப் பலியானார். பஞ்சாபிப் பாடகர் சித்து மூஸேவாலாவிடம் குண்டு துளைக்காத வண்டியே இருந்தது. 2022 மே 29 அன்று அதை வீட்டில் விட்டுவிட்டு வேறு வண்டியில் கிளம்பினார், வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாவற்றையும்விட விசித்திரம் 1981இல் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனுக்கு நடந்தது. சுட்டவனின் ஆறு குண்டுகளில் ஒன்றுகூட நேராக அவர் மேல் படவில்லை. ஒன்று கவசக் காரின் பக்கவாட்டில் பட்டுத் தெறித்து அவர் விலாவில் பாய்ந்தது. காரைத் துளைக்க முடியாத குண்டு, காருக்குள் ஏறிக்கொண்டிருந்தவரைத் துளைத்தது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. 1962 ஆகஸ்டில் பாரிஸுக்கு வெளியே பிரெஞ்சு அதிபர் டிகால் போன சாதாரண சிட்ரோயன் காரின் மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பொழிந்தன. டயர்கள் கிழிந்தன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தவில்லை, தடுமாற விடவுமில்லை. அதிபரும் மனைவியும் கீறலின்றி வீடு சேர்ந்தார்கள். அந்தக் காரில் இருந்த கவசம் ஸ்டீயரிங் பிடித்த இரண்டு கைகள். உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் வேறு இல்லை.

கேள்வி: சரி, தேவை குறைவு என்றே வைத்துக்கொள்வோம். காசு இருப்பவர் கூடுதல் பாதுகாப்பு போட்டுக்கொண்டால் என்ன கெட்டுவிடும்? குடை எடுத்துப் போனால் மழை வராவிட்டாலும் நட்டமில்லையே? (ஒரு வத்தலக்குண்டு வாசகர்)

பதில்: குடை கால் டன் எடை இருந்தால் நட்டம்தான். வண்டிக் கவசத்தின் எடை அதையும் தாண்டும். துப்பாக்கி ரகத்துக்கு ஏற்பக் கவசத்துக்குப் படிநிலைகள் உண்டு. ரைஃபிள் குண்டைத் தாங்கும் அளவுக்குக் கதவிலும் கூரையிலும் இரும்புத் தகடு வைத்து, விரற்கடைக்கு மேல் தடித்த கண்ணாடி மாட்டினால் ஒரு டன் வரை கூடிவிடும். சமவெளியில் அது டீசல் செலவு. மலையில் அது பிரேக்கின் தலையில் விழும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு நீங்கள் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். இரண்டு டன் வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றலை அப்படியே வெப்பமாக்கினால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா நிறைய வெந்நீர்! அதில் ஒரு பங்கை எஞ்சினும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்குத்தான். ஒரு டன் கவசம் சேர்த்தால் அண்டா ஒன்றரை ஆகும். பெருமாள்மலை தாண்டியதும் சில வண்டிகளின் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருமே, நியூட்ரலில் இறக்கிய புண்ணியவான்களின் வண்டி அது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. கவச வண்டிக்குப் பெரிய பிரேக் போடுவார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதுவும் இரண்டாம் கியரில் இறக்கத் தெரிந்தவரின் காலுக்குக் கீழேதான் வேலை செய்யும்.

அடுத்தது கண்ணாடி. மேகம் இறங்கி மூன்றடிக்கு அப்பால் தெரியாத மாலையில் மலை ஓட்டுநர் என்ன செய்கிறார்? ஜன்னலை இறக்கிவிட்டு, வளைவில் ஹாரன் அடித்து, பதில் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறார். கவச வண்டியில் பெரும்பாலான ஜன்னல்கள் இறங்கவே இறங்காது. காது போயிற்று. வண்டி பள்ளத்தில் சரிந்தால் அடுத்த சங்கடம். நம் ஊரில் ஆம்புலன்ஸ் வருவதற்குள் கல்லோடும் கடப்பாரையோடும் ஓடி வருபவர்கள் தோட்டத் தொழிலாளிகள். ஏ.கே. 47 துளைக்காத கண்ணாடியை அவர்கள் கடப்பாரை மட்டும் எப்படி உடைக்கும்? சட்டமும் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பட்டறையில் தகடு அடித்துக்கொண்டு வந்து நின்றால், விபத்தன்று இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் பயப்படுவது? (மறுபடியும் நாயுடுபுரம்)

பதில்: உங்கள் தெருவிலேயே இரவில் உலாவும் காட்டெருமைக்கு. வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை இருக்கும். கறுப்பு உடம்பு, கறுத்த ரோடு, பின் விளக்கு கிடையாது. ஓர் ஏ.கே. 47 குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 2,000 ஜூல். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் உங்கள் இரண்டு டன் வண்டியின் ஆற்றல் அதைப்போல் அறுபது மடங்கு. அந்த வேகத்தில் காட்டெருமை மேல் மோதினால் இரும்புத் தகடு உங்களைப் பிடித்து நிறுத்தாது, சீட் பெல்ட்தான் நிறுத்தும். 2022இல் நாடு முழுவதும் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,000க்கும் மேல். அதே ஆண்டு செப்டம்பரில் பெரும் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயர்ரக காரின் பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்தார். விலை உயர்ந்த வண்டிக்கும் விலையில்லாத பெல்ட்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே, அந்தப் பெரிய மனிதர் அடுத்த முறை வந்து கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். “புல்லட் புரூஃப் இல்லை சார். பிரேக் ஷூ புதுசு, டயர் புதுசு, செகண்ட் கியரில் இறக்குவேன், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவேன். நீங்கள் பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டால்தான் கிளம்புவேன்” என்று சொல்லுங்கள். பெல்ட் போட்டால் கசங்கும் என்று சட்டையைத் தடவினால், குண்டுக்குப் பயந்தவர் சலவைக்குப் பயப்படலாமா என்று கேளுங்கள்.