நாட்ஸ் கவுண்டி ஆட்டம் காணச் செல்லல்: ஒரு திணைநெறி ஆய்வு

இங்கிலாந்தின் பழம்பெரும் கால்பந்துக் கழகம் ஒன்றின் ஆட்டத்தை நேரில் காணத் திட்டமிடுவது அகத்திணையில் அடங்குமா, புறத்திணையில் அடங்குமா என்ற வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை எழுப்பவில்லை. அக்குறை இக்கட்டுரையால் நீங்கும். வெற்றி, தோல்வி, கொடி, ஆரவாரம் எல்லாம் இருப்பதால் புறம் என்றே முதலில் தோன்றும். ஆடுபவனுக்கு அது சரி. பார்க்கப் போகிறவனுக்கு இது அகம்தான். கழகத்துக்கு அவன் யாரென்றே தெரியாது, ஆகவே ஒருதலைக் காமமாகிய கைக்கிளை என்று சொல்வாரும் உளர். டிக்கெட் விற்கும்போது பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் கழகம் கேட்டு வாங்கிக்கொள்வதால் அவ்வாதம் தள்ளப்படுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நாட்டிங்ஹாம் நகரத்து நாட்ஸ் கவுண்டி. தோற்றம் 1862. உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கால்பந்துக் கழகம். லிவர்பூல், மான்செஸ்டர் இருக்க இதை ஏன் எடுத்தீர் எனின், அங்கே டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழமையைக் காலி இருக்கையோடு ஆராயும் வாய்ப்பு எல்லாக் கழகத்திலும் அமையாது.

அஃதேல், ஷெஃபீல்ட் கழகம் 1857-லேயே தோன்றிவிட்டதே எனின், தோன்றியது உண்மை. ஆனால் அது அமெச்சூர் மரபு. 'தொழில்முறை' என்ற அடைமொழி மேலே சும்மா நிற்கவில்லை, நாட்ஸ் கவுண்டியின் பெருமை முழுவதையும் அதுதான் தாங்கி நிற்கிறது. ஸ்டோக் சிட்டியின் வழக்கு இன்னும் சிக்கலானது. அது தன் பிறந்த ஆண்டு 1863 என்கிறது. 1888-ல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு கழகங்களில் ஒன்றான நாட்ஸ் கவுண்டி, 2019-ல் அந்த லீக்கிலிருந்தே கீழே விழுந்தது. உடனே லீக்கின் மிக மூத்த கழகம் என்ற பட்டம் ஸ்டோக்குக்குப் போனது. 2023-ல் கவுண்டி திரும்பி வந்ததும் பட்டமும் கூடவே திரும்பியது. இளையவர் நான்கு ஆண்டுகள் மூத்தவராக இருந்துவிட்டு மறுபடி இளையவராவது தாயபாக நூல்களும் காணாத நிலை.

நாட்டிங்ஹாமில் இதெல்லாம் சகஜம். இங்கிலாந்தின் மிகப் பழைய மதுக்கடை நானே என்று சொல்லிக்கொள்ளும் கடைகள் அந்த ஒரே ஊரில் மூன்று உண்டு. ஒன்று 1189 என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறது. மூன்றையும் நேரில் ஆராய்ந்தபின் எது மூத்தது எனத் தீர்ப்புச் சொல்லும் தெளிவில் எந்த ஆய்வாளரும் இருப்பதில்லை என்பதால் இவ்வழக்கு நிலுவையில் உள்ளது.

இனி முதற்பொருள். அது நிலமும் பொழுதும். நிலம் எளிது. லண்டன் செயின்ட் பேங்க்ரஸில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நாட்டிங்ஹாம். நிலையத்திலிருந்து கால்வாய் ஓரமாகவே நடந்தால் மெடோ லேன் மைதானம் வந்துவிடும். கழகம் 1910 முதல் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த டிரென்ட் பிரிட்ஜ் கிரிக்கெட் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். கிரிக்கெட் நடக்கும் நாளில் கால்பந்து வேறு இடம் தேடிப் போக வேண்டியதுதான். 2014-ல் நம் முரளி விஜய் 146 ஓட்டம் எடுத்த அந்த மண்ணில் ஒரு காலத்தில் கோல் கம்பம் நட்டிருந்தார்கள் என்பதைப் பயணி மனத்தில் கொள்க.

ஆறும் ஆற்றங்கரையுமாக இருப்பதால் நிலம் மருதம். ஆற்றுக்கு அக்கரையில் கூப்பிடு தூரத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் மைதானம். இங்கிலாந்தில் இவ்வளவு நெருங்கிய இரு லீக் மைதானங்கள் வேறில்லை. 'சிட்டி கிரவுண்ட்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஃபாரஸ்ட், மாநகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. கவுண்டி என்று பெயர் வைத்துக்கொண்ட நம் கழகமோ மாநகருக்குள் இருக்கிறது. 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஃபாரஸ்டைத் தேடி உள்ளூர்த் தலைவன் பாலம் கடந்து போய்விடுவதும், இக்கரையில் கவுண்டிக்காரர்கள் முகம் திருப்பிக்கொள்வதும் மருதத்திணைக்குப் புதியவை அல்ல. பயணி ஃபாரஸ்டின் சிவப்புச் சட்டை அணிந்து வாயில் வேண்டி நிற்கலாகாது.

பொழுதுதான் பயணியைப் பாடாய்ப் படுத்துவது. இதற்கு நூற்பா ஒன்று யாத்துள்ளேன்:

மூன்று மணிக்கே ஆட்டம் என்ப;
முந்தலும் பிந்தலும் ஆகலும் உரித்தே.

உரை: சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்பது மரபு. 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலையை முடித்து வைத்தது. நாளடைவில் சனிக்கிழமை அரைநாள் எல்லாருக்கும் பரவ, கை கழுவிக்கொண்டு மைதானம் சேர ஒரு மணி நேரம் என்று கொள்க. நாட்டிங்ஹாம் லேஸ் பின்னலுக்குப் பேர்போன ஊர் என்பதால் இது நன்கு பொருந்தும். அந்த நேரத்தைக் காக்க ஒரு வேலியும் உண்டு. பர்ன்லி கழகத் தலைவர் பாப் லார்ட் 1960-களில் வாதாடியதன் விளைவாக, சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்தை நேரலையாகக் காட்டுவதில்லை. மைதானத்துக்குப் பக்கத்துத் தெருக்காரனும் காசு கொடுத்து உள்ளே வந்தால்தான் உண்டு.

இதன் மறுபக்கம் என்னவெனில், தொலைக்காட்சிக்கு ஒரு ஆட்டம் வேண்டுமானால் அதை மூன்று மணியிலிருந்து நகர்த்தியாக வேண்டும். ஜூன் மாதம் அட்டவணை வரும். பயணி மகிழ்ந்து விமான டிக்கெட் போடுவான். தொலைக்காட்சி வந்து ஆட்டத்தைப் பன்னிரண்டரைக்குத் தள்ளும். அது தப்பினால் நவம்பரில் எஃப்.ஏ. கோப்பை வரும். கோப்பை ஆட்டம் விழும் சனிக்கிழமையின் லீக் ஆட்டம் ஏதோ ஒரு செவ்வாய் இரவுக்குப் போய்விடும். நம் கழகம் கோப்பையில் தோற்றுத் தொலைந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருக்கவும் முடியாது. லீக்கில் எதிராட வேண்டிய கழகம் தோற்காமல் இருந்தாலும் ஆட்டம் தள்ளிப்போகும். இவ்வளவும் தாண்டினால் பனி. ஆட்டத்தன்று காலை நடுவர் வந்து புல்லை மிதித்துப் பார்ப்பார். தரை இறுகிக் கிடந்தால் உதட்டைப் பிதுக்குவார். பயணி அப்போது ரயிலில் பாதி தூரம் வந்திருப்பான்.

டிசம்பர் 26 தனித்து ஆராயத்தக்கது. அன்று நாடெங்கும் கால்பந்து ஆடுவது தொன்றுதொட்ட வழக்கம். அன்று ரயில்கள் பெரும்பாலும் ஓடாமல் இருப்பதும் வழக்கம். இரண்டையும் ஒரே நாட்டார்தான் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

மூன்று மணி என்பது எற்பாட்டுப் பொழுது. எற்பாடு நெய்தலுக்கு உரியது. ஆகவே நிலம் மருதம், பொழுது நெய்தல். திணை மயக்கம் வழு ஆகாது. குளிர்காலத்தில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்து, இரண்டாம் பாதி விளக்கொளியில் யாமம்போல் நடப்பதையும் மயக்கத்தில் சேர்த்துக்கொள்க.

கருப்பொருளில் புள், மேக்பை. கழகத்தின் செல்லப் பெயரும் அதுவே. ஒற்றை மேக்பை கண்ணில் பட்டால் துக்கம் என்பது அந்நாட்டு நிமித்தம். தன் துர்நிமித்தத்தையே சின்னமாகச் சூடும் துணிவு எல்லாக் கூட்டத்துக்கும் வருவதில்லை. பண், தள்ளுவண்டியின் சக்கரம் கழன்ற கதையைச் சொல்லும் பாட்டு. ஆடை, கறுப்பு வெள்ளைக் கோடு. இத்தாலியின் யுவெண்டஸ் சட்டையும் இதேதானே எனின், அது இங்கிருந்து போனது. துவைத்துத் துவைத்து வெளுத்த இளஞ்சிவப்புச் சட்டைக்கு மாற்றாக 1903-ல் நாட்டிங்ஹாமிலிருந்து யுவெண்டஸ் வரவழைத்ததே இந்தக் கோடு. நன்றி மறவாமல் 2011-ல் தன் புதிய மைதானத் திறப்பு ஆட்டத்துக்குக் கவுண்டியை அழைத்தது. முடிவு 1–1. வீட்டில் கிடக்கும் யுவெண்டஸ் சட்டையோடு மெடோ லேன் போய்ச் சிக்கனம் பார்க்கலாமா என்பவருக்கு விடை: வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள்.

உணவு, இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ (pie). இடைவேளை பதினைந்து நிமிடம். அதில் வரிசைக்குப் பத்து. அலுமினியத் தட்டில் தருவார்கள். மேலோடு ஆறியிருக்கும், நம்பிக் கடித்தால் உள்ளிருக்கும் குழம்பு நாக்கைப் பதம் பார்க்கும். அருகில் கோப்பையில் ஆவி பறக்க, சுக்குக் காப்பி போலத் தோற்றமளிப்பது பாவ்ரில். அது மாட்டிறைச்சிச் சாறு. சைவர்கள் நிறத்தைக் கண்டு ஏமாறற்க. பீரும் உண்டு. ஆனால் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கலாகாது என்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே பீர் குடிப்பவன் ஆட்டம் காண்பதில்லை, ஆட்டம் காண்பவன் பீர் குடிப்பதில்லை. இரண்டுக்கும் பணம் கொடுத்தவன் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பான்.

உரிப்பொருள் இரங்கல் என நிறுவச் சான்றுகள் மிகுதி. எஃப்.ஏ. கோப்பையை இக்கழகம் வென்றது 1894-ல், மறுமுறை வெல்லவில்லை. 2023-ல் 107 புள்ளி குவித்தும் முதலிடம் இல்லை, ஏனெனில் ரெக்ஸம் கழகம் 111 எடுத்திருந்தது. பிறகு வெம்ப்ளியில் பெனால்டி வரை போய்த்தான் லீக்குக்குத் திரும்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மெடோ லேனில் இதுவரை திரண்ட மிகப் பெரிய கூட்டம் 47,310 பேர். 1955-ல், கோப்பைக் காலிறுதிக்கு முண்டியடித்து வந்தார்கள். எதிரணி, கீழ்ப்பிரிவு யார்க் சிட்டி. கவுண்டி 0–1 எனத் தோற்றது.

எஞ்சி நிற்பது ஒரே ஐயம். ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து போகிறவன் ஆட்டம் கண்டவனா, காணாதவனா? கோல் விழுந்த ஆரவாரத்தைக் கால்வாய்க் கரையில் நின்று கேட்டவனை எந்த வகையில் சேர்ப்பது? களத்தில் தங்கி ஆராய வேண்டிய பொருள் இது. நிதி கோரி விண்ணப்பித்திருக்கிறேன். போக்குவரத்துச் செலவு மட்டும் தந்தால் போதும், பைக்கு நானே கொடுத்துக்கொள்வேன்.