எழுபது வளைவும் இரு கை இரட்டையும்: ஓர் ஆராய்ச்சி

கொல்லிமலைக்கு வந்தவர்கள் ஆகாய கங்கையைப் பற்றி எழுதினார்கள். அறப்பளீஸ்வரரையும் வல்வில் ஓரியையும் பற்றி எழுதினார்கள். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநரின் இரு கைகள் என்ன செய்கின்றன என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். வாந்தி எடுக்காமல் மேலே போய்ச் சேர்வதே பெரும்பாடாக இருந்திருக்கலாம். அக்குறை தீர்க்கவே இவ்வாய்வு.

முதலில் இலக்கணம். அளவில் சமமாக, இணையாக, எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு கோட்டில் செயல்படும் இரு விசைகள் ‘இரட்டை’ எனப்படும். இதற்கு முறையான கோட்பாடு கண்டவர் பிரெஞ்சுக்காரர் லூயி புவான்சோ, ஆண்டு 1803. அவர் கொல்லிமலை ஏறியதில்லை என்பது அவர் எழுத்தின் நிதானத்திலேயே தெரிகிறது.

பேருந்து ஸ்டியரிங்கின் விட்டம் 50 செ.மீ. என்று கொள்வோம். இடப்பக்க வளைவில் இடக்கை 30 நியூட்டன் கீழே இழுக்கிறது, வலக்கை 30 நியூட்டன் மேலே தள்ளுகிறது. திருப்புத்திறன் (ஒரு விசை × இடைத்தூரம்) 30 × 0.5 = 15 நியூட்டன் மீட்டர்.

இங்கே மறுப்பு எழுகிறது. இடப்பக்க ஜன்னலோரம் ஒரு பேரறிஞர் அமர்ந்திருப்பார். எல்லாப் பேருந்திலும் இருப்பார். “நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கணக்கே வேற தம்பி!” என்பார். பார்ப்போம். இடக்கை அவரிடமிருந்து 2 மீட்டர்: 60, வலஞ்சுழியாக. வலக்கை 2.5 மீட்டர்: 75, இடஞ்சுழியாக. கழித்தால் அதே 15. அவரைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினாலும், மலைமேல் செம்மேட்டில் இறக்கிவிட்டாலும் விடை மாறாது. எந்தப் புள்ளியை வைத்துக் கணக்கிட்டாலும் ஒரே மதிப்பு என்பதே இரட்டையின் தனிப்பெருமை. ஒற்றை விசைக்கு அது வாய்க்காது.

70 வளைவுக்கும் கூட்டி 1,050 என்று விடை எழுதும் மாணவருக்குப் பூஜ்யம். வெவ்வேறு நேரத்துத் திருப்புத்திறன்களைக் கூட்டுவதில் பொருளில்லை.

எஞ்சியவர் ஒற்றைக் கை ஓட்டுநர். மறு கையில் போன். அவருக்கும் இரட்டை உண்டு: எதிர்விசையை ஸ்டியரிங் தண்டின் தாங்கி தருகிறது. ஆனால் இடைத்தூரம் 25 செ.மீ.தான். அதே 15 வேண்டுமென்றால் அந்த ஒரு கை 60 நியூட்டன் தரவேண்டும். தாங்கியும் அதே 60-ஐ வீணாகச் சுமக்கவேண்டும்.

ஆகவே வாகனமோட்டிகளே, காரவள்ளியிலேயே போனை அந்தப் பேரறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் ஒரு வேலை ஆயிற்று.