துரை நட்ட கேம் கியர்

"மாமா, இது வாங்கி ரெண்டு வருசமாச்சு. புதுசு எடுக்கணும்" என்று கையடக்க விளையாட்டுக் கருவியை நீட்டினான் மருமகன். இலங்கைப் புசல்லாவைக்காரனிடம் எடுக்கக் கூடாத பேச்சு. எங்கே தொடங்கினாலும் நாங்கள் தேயிலையில்தான் வந்து நிற்போம்.

1841. மொரிஸ் டி வோர்ம்ஸ் துரை சீனாவிலிருந்து தேயிலைச் செடி கொண்டுவந்து இங்கே ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். ரொத்சைல்ட் வங்கிக் குடும்பம் அவருக்குத் தாய்மாமன் வீடு. மாமன் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தால் பிறகு கடன் கேட்க லேசுதானே. நாடே கோப்பிப் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. துரையின் தேயிலைக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. கைவிட்டார்.

1990இல் செகா கம்பனியும் இப்படிச் செலவு கட்டுப்படியாகாத கையடக்கக் கருவியைத்தான் இறக்கியது. கேம் கியர்: வண்ணத் திரை, உள்ளே வெளிச்சம், ஆறு பெட்டரி. சில மணி நேரத்தில் ஆறும் காலி. சம்பளக்காரன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்?

துரை நட்டு 26 வருசம் கழித்து, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு 'இலங்கைத் தேயிலையின் தந்தை' ஆனார். முந்திக்கொண்டவருக்குச் செலவு, பிந்தி வந்தவருக்குப் பட்டம். அப்போதும் கோப்பித் துரைமார் அசையவில்லை. 1869இல் இலைத் துரு நோய் வந்து கோப்பியை மொட்டையடிக்கத் தொடங்கிய பிறகுதான் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று தேயிலைக்கு ஓடினார்கள்.

செகாவுக்குப் போட்டியான நிண்டெண்டோவின் குன்பே யோக்கொய் விவரமானவர். சீட்டுக்கட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்குச் சேர்ந்த மனிசன். மலிந்துபோன பழைய பாகத்தில் புது விளையாட்டு என்பது அவர் கொள்கை. 1989இல் வந்த கேம் பாய்க்குப் பாசி பிடித்த மாதிரித் திரை, நாலே பெட்டரி. கேம் கியரைச் சுருட்டிவிட்டது. 1996இல் அதன் உடம்பை இளைக்க வைத்தார்கள். வண்ணம் வந்தது 1998இல். ஒன்பது வருசம்!

எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு அதுவும் வரவில்லை. சீனத்து பிரிக் கேம்தான் வந்தது. பெட்டரிக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றுவோம். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக அம்மா விடியற்காலையில் எழும்பினால், கடிகாரத்தில் நேற்றிரவு எட்டு மணி. செத்த பெட்டரியை அடுப்போரம் வைத்து இன்னும் பத்து நிமிசம் கறப்போம். அடியும் அந்த அடுப்போரமே விழும்.

வெள்ளைக்காரன் காலத்துப் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்கு மட்டும் பலருக்கு இன்னும் புதுப் பதிப்பு வரவில்லை. அதைக் கேட்டிருந்தால் மருமகனோடு சேர்ந்து நானும் கொடி பிடித்திருப்பேன்.

அவன் கேட்டது வேறு. ஆகவே சொல்லிவிட்டேன்: "நிண்டெண்டோக்காரனே 2017இல் ஸ்விட்ச்சை விட்டு, நடுவில திரையை மாத்தி, ரெண்டாவதை 2025லதான் விட்டான். எட்டு வருசம். உனக்கு இன்னும் ஆறு இருக்கு, மருமகனே."