குத்து வாங்காத வீரர்

சமயநல்லூர் சாலையோர ஃபிளெக்ஸ் பலகைகளில் யாரும் தோற்றதில்லை. நம் வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கும் அதுவே இலக்கணம். குத்துச்சண்டை வீரரைப் பற்றி எழுதினால், அவர் முஷ்டியை மடக்கிக்கொண்டே பிறப்பார் (எல்லாக் குழந்தையும் அப்படித்தான் பிறக்கிறது), அம்மா தாலியை அடகு வைப்பார், 200 பக்கங்களில் ஒரு குத்துகூட அவர் முகத்தில் விழாது.

முகமது அலி 61 தொழில்முறைச் சண்டைகளில் 5-ல் தோற்றார். 1980-ல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டதை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அடிவாங்கியவர் வேறு யாரோ!

1960 ரோம் ஒலிம்பிக் தங்கத்தை ஓஹையோ ஆற்றில் வீசியதாக 1975-ல் வந்த அலியின் சுயசரிதை சொன்னது. பதக்கம் தொலைந்துதான் போனது என்பது பின்னாளில் வந்த பேச்சு. ஓஹையோவில் தண்ணீர் ஓடியதால் கதை தப்பித்தது. தேனூர்ப் பக்கம் வைகையில் வீசியிருந்தால் கோடையில் மணலைக் கிளறியே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம்.

2017-ல் அலி வரலாற்றை எழுதிய ஜோனதன் ஐக், அவர் வாங்கிய குத்துகளை எண்ணவைத்தார். ஆண்டுக்கு ஆண்டு பேச்சு மெதுவானதையும் அளக்கவைத்தார். அதுதான் வேலை.

ஆகவே எழுத உட்காரும் அன்பர்களே, கொடுத்த குத்தோடு வாங்கியதையும் எண்ணுங்கள். பரிசுப் பணம் யார் பைக்குப் போனது என்று கேளுங்கள். பாராட்டுவிழா உரையைப் பின்னட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.