சுழியம் ஒன்பதைவிடப் பெரிது: விடிவிளக்கு குறித்து ஓர் ஆராய்ச்சி

சுழியம் பெரிதா ஒன்பது பெரிதா என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் தயங்காமல் ஒன்பது என்று சொல்லும். கரண்ட் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. கூடத்தில் பளீரென்று எரிகிற எல்இடி பல்பு 9 வாட். படுக்கையறை மூலையில் அழுது வடிகிற பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு 12 முதல் 15 வாட். ஆகவே சுழியம் ஒன்பதைவிடப் பெரிது. கணித உலகைக் கலங்கடித்திருக்க வேண்டிய இந்த உண்மை ஊருக்கு ஊர் எலக்ட்ரிக்கல் கடைகளில் அட்டைப்பெட்டியில் அடுக்கி விற்கப்பட்டும் அறிஞர் எவரும் மூர்ச்சையானதாகச் செய்தி இல்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் நிறுவ முற்படுவது இதுதான்: வீட்டு விளக்குகளில் எது எவ்வளவு தின்கிறது என்பதை நாம் கண்ணாலும் காதாலும் முடிவு செய்கிறோம். கண் வெளிச்சத்தைப் பார்க்கிறது, காது பெயரைக் கேட்கிறது. மீட்டர் இரண்டையும் சட்டை செய்யாமல் வாட்டை நேரத்தால் பெருக்கிக்கொண்டு போகிறது.

முதலில் பெயர் ஆராய்ச்சி. இரவெல்லாம் எரிந்து விடியும்போது அணைவதால் இதற்கு விடிவிளக்கு என்று தமிழில் அழகான பெயர் உண்டு. அந்தப் பெயரில் நேரம் இருக்கிறது. எத்தனை நாழிகை எரியும் என்பதை அதுவே சொல்லிவிடும். பின்னால் வந்த ஜீரோ வாட்ஸ் என்ற பெயர் நேரத்தைத் துரத்திவிட்டு எண்ணைக் கொண்டுவந்தது, அதுவும் பொய்யெண். இதைத் தமிழர் ஏற்றுக்கொண்டதுதான் வியப்பு. நம் பழைய எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. சுழியத்துக்குக் குறியே இல்லை. அதே மரபில் சிறு பின்னங்களுக்குப் பஞ்சமில்லை: பதினாறில் ஒன்று மாகாணி, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. முந்திரி வரைக்கும் இறங்கிக் கணக்கெழுதிய சமூகம், முழுசாய்ப் பதினைந்து வாட்டைச் சுழியம் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. சுழியத்துக்கு நாம் வைத்துக்கொண்ட இன்னொரு பெயர் பூஜ்யம். வணக்கத்துக்குரியது என்றும் அதற்குப் பொருள் உண்டு. சாமி படத்துக்கு மேல் சிவப்பு ஜீரோ வாட்ஸ் இரவுபகலாக எரிகிற வீடுகளில் இரண்டு பொருளும் ஒரே ஹோல்டரில் மாட்டப்பட்டிருக்கின்றன.

பெயருக்குக் காரணம் சொல்வோர் மீட்டரைக் கைகாட்டுகிறார்கள். அலுமினியத் தட்டு சுற்றும் பழைய மீட்டர் அசையத் தொடங்கவே குறைந்தபட்ச மின்னோட்டம் ஒன்று வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்தக் குட்டிப் பல்பை மட்டும் எரியவிட்டால் தட்டு சோம்பல்பட்டு நின்றுவிடும், யூனிட் ஓடாது, எனவே ஜீரோ. வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது: வேறெதுவும் ஓடக் கூடாது. தமிழ்நாட்டில் ஃபேன் இல்லாமல் எத்தனை பேர் தூங்குகிறார்கள்? சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். அது தட்டைச் சுழற்றத் தொடங்கியதும், ஓடுகிற ராட்டினத்தில் தொற்றிக்கொண்ட பிள்ளை மாதிரி ஜீரோவின் பதினைந்து வாட்டும் கூடவே பதிவாகிவிடும். ஆக, பழைய மீட்டர் காலத்திலேயே இந்தக் கோட்பாடு ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசங்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. மதுரைக்கும் வேலூருக்கும் பொருந்தவில்லை. ஃபிரிட்ஜ் வந்த பிறகு ஊட்டியும் கைவிட்டுப் போயிற்று. இப்போது சுவரில் இருப்பது தட்டே இல்லாத எலக்ட்ரானிக் மீட்டர். அதன் சிவப்புப் புள்ளி கண்சிமிட்டிக் கண்சிமிட்டி அந்தப் பதினைந்து வாட்டையும் எண்ணிவிடுகிறது.

இனிக் கணக்கு. 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 15 வாட் ஜீரோ இரவுக்கு 9 மணி நேரம் எரிந்தால் 135 வாட்-மணி. ரீடிங் எடுக்க ஆள் வருகிற இரண்டு மாதத்தில், அதாவது 60 இரவில், 8.1 யூனிட். கூடத்து 9 வாட் எல்இடி மாலையில் 5 மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணி. 60 நாளில் 2.7 யூனிட். படிக்க, சாப்பிட, சண்டை போட, சமாதானமாக என்று குடும்பத்துக்கே ஒளி கொடுத்த விளக்கு தின்றதைப் போல் மூன்று மடங்கை, மூடிய கண்களுக்கு வெளிச்சம் காட்டிய விளக்கு தின்றிருக்கிறது. வீட்டுச் சட்டமோ நேர்மாறு. டியூப் லைட்டை அணைக்காமல் விளையாடப் போன பிள்ளைக்குத்தான் அர்ச்சனை. பழைய 40 வாட் டியூப் லைட்டும் அதன் சோக்கும் சேர்ந்து 54 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டாலும், அந்தப் பிள்ளை இரண்டரை மணி நேரம் வீடு திரும்பாமல் இருந்தால்தான் அது ஓர் இரவின் ஜீரோவுக்குச் சமம். அர்ச்சனை செய்த பெரியவர் அன்றிரவே ஜீரோவைப் போட்டுவிட்டு, சிக்கனமாக இருந்த திருப்தியோடு படுக்கிறார்.

கண் ஏன் இப்படி ஏமாறுகிறது? மங்கலாக எரிவது குறைவாகத் தின்னும் என்பது மண்ணெண்ணெய் விளக்குக் காலத்துப் பாடம். திரியைத் தணித்தால் வெளிச்சம் குறையும், எண்ணெய் மிஞ்சும். ஒரே வகை விளக்குகளுக்குள் ஒப்பிடும்வரை அது சரி. இழைப் பல்பையும் எல்இடியையும் பக்கத்தில் வைத்தால் செல்லாது. இழைப் பல்பு வாங்குகிற மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது, மிச்சம் வெப்பம். சிறிய பல்பின் இழை இன்னும் தணிந்து எரிவதால் ஒளியின் பங்கு இன்னும் சுருங்குகிறது. போதாததற்கு அதன் கண்ணாடிக்குச் சாயம் பூசுகிறோம். இழையின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் ஏராளம், நீலம் சொற்பம். டங்ஸ்டனிடம் நீலம் கேட்பது கருமியிடம் கடன் கேட்பது. நீல ஜீரோ வாட்ஸ் என்பது, இருப்பதிலேயே குறைவான நிறத்தை மட்டும் வெளியே விட்டு மற்றதையெல்லாம் கண்ணாடியிலேயே தடுத்துச் சூடாக்குகிற ஏற்பாடு. தடுத்த ஒளிக்கும் மீட்டர் ஓடும். நீலத்தைத் திறம்பட நேராகவே உமிழும் டயோடை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் இன்றைய வெள்ளை எல்இடி பெரும்பாலும் பிறக்கிறது. ஆக, நோபல் பரிசு கூடத்தில் தொங்குகிறது. படுக்கையறையில் இன்னும் சாயக் கண்ணாடிதான்.

இந்த விதி வீட்டு வாசலோடு நிற்பதில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டு விளக்கைப் பாருங்கள். அதற்குச் சொந்தக்காரர் இல்லாததால் அணைக்கவும் ஆள் இல்லை. பழைய 54 வாட் டியூப் ஒன்று நாள் முழுக்க எரிந்தால் 60 நாளில் 77.8 யூனிட், 18 வாட் எல்இடி பட்டைக்கு மாற்றினால் 25.9 யூனிட். குடியிருப்போர் கூட்டம் போட்டு அந்த மாற்றத்தைச் செய்து கைதட்டிக் கலைந்துவிடும். பட்டப்பகலிலும் அது எரிகிறதே என்று யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு மணி நேரத்தோடு நிறுத்தினால் மிச்சமிருக்கும் செலவிலும் பாதி போய்விடும். புதுப் பல்பு வாட்டை மட்டுமே குறைக்கும். நேரத்தைக் குறைக்க விரல் வேண்டும், அல்லது விரல் வேலையைச் செய்யும் டைமர் வேண்டும்.

பரபக்கத்தாருக்கும் இடம் கொடுப்பது ஆய்வு மரபு. முதல் ஆட்சேபம்: தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 8 யூனிட் அதற்குள் அடங்கிவிடும், ஆகவே ரூபாய்க் கணக்கில் ஜீரோ ஜீரோதான். வலுவான வாதம். நூறுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டில் நாம் வாய் திறக்க முடியாது. தாண்டிய வீட்டிலோ, இலவச நூறில் எட்டை ஜீரோ எடுத்துக்கொள்வதால் வேறு எட்டு யூனிட் காசுக்கு வருகிறது. 500ஐத் தாண்டினால் முன்பு எரித்த யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டண விகிதம் ஏறிவிடுகிறது. 496ல் நின்றிருக்க வேண்டிய கணக்கை 504க்குத் தள்ளிவிடும் வல்லமை வீட்டிலேயே மங்கலான விளக்குக்கு உண்டு. இரண்டாவது: 75 வாட் ஃபேனை விட்டுவிட்டு 15 வாட் பல்பைப் பிடிப்பது, ஆனையை விட்டுவிட்டு எலிக்குப் பொறி வைப்பது. ஃபேன் பெருந்தீனிதான், முப்பது வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன்கள் வந்துவிட்டன, மாற்றுவது நல்லது. ஆனால் ஃபேன் தின்றதற்குக் காற்றாவது தருகிறது. ஜீரோ விடிய விடியக் கொட்டும் சூட்டையும் சேர்த்துத்தான் அது சுற்றிவிட வேண்டியிருக்கிறது. மூன்றாவது: இருட்டில் பெரியவர்கள் தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு எட்டு யூனிட்டில் அடங்குமா? அடங்காது. இக்கட்டுரை இருட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் கட்டில் விளிம்பும் கதவும் தெரிய அரை வாட் எல்இடி போதும்.

நான்காவதுதான் கூர்மையானது. இன்று கடையில் ஜீரோ வாட்ஸ் கேட்டால் எடுத்துக் கொடுப்பதே அந்த அரை வாட் எல்இடியைத்தானே, பெயர் திருந்திவிட்டது, ஆராய்ச்சி காலாவதியாகிவிட்டது என்பார்கள். அரை வாட் விளக்கு 60 இரவில் 0.27 யூனிட், பழையதில் முப்பதில் ஒரு பங்கு. பெயருக்கு ஏறக்குறைய நியாயம் செய்துவிட்டது என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் அது இனி வாங்கப்போகும் பல்புக்கு. மாட்டியிருக்கும் பல்பு என்னாவது? 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் நாடெங்கும் போயின. 2014ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, மொத்தமாக வாங்கியதில் 2016ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அந்த அலையில் கூடத்து 60 வாட்டும் அடுப்படி 40 வாட்டும் கழன்றன. ஜீரோ தப்பித்தது. ஒன்றுமே செலவழிக்காத பல்பை எதற்கு மாற்றுவது? பெயரே அதற்கு விலக்கு வாங்கிக் கொடுத்தது. இழை தணிந்து எரிவதால் ஆயுசும் கெட்டி. சிக்கனமான கருவி வந்தால் பயன்பாடு பெருகிச் சேமிப்பைத் தின்றுவிடும் என்று 1865ல் நிலக்கரியை வைத்து எச்சரித்தார் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். இங்கே அது பலிக்க ஒரே வீட்டில் முப்பது விடிவிளக்கு மாட்ட வேண்டும். அத்தனை அறை உள்ளவர்கள் கரண்ட் பில்லைப் பார்ப்பதில்லை.

முடிவு இது: விளக்கைப் பெயராலும் பிரகாசத்தாலும் எடைபோடாதீர்கள், வாட் எத்தனை, எத்தனை மணி நேரம் என்ற இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் வீட்டு விடிவிளக்கு எந்த வகை என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பல்பில் அச்சிட்ட எண் தூசியில் அழிந்திருந்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரம் எரியவிட்டு, தொடாமல் உள்ளங்கையை அருகே கொண்டுபோங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் அரை வாட், தூங்கப் போங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் பதினைந்து, இன்றே மாற்றிவிடுங்கள். கழற்றும்முன் சுவிட்சை அணைத்துச் சற்று ஆறவிடுங்கள்: சுழியம் சுடும்.